இரண்டு மாத்திரைகள்

காரைக்காலில் ஆனி மாதப் பௌர்ணமியன்று பிச்சாண்டவர் வீதிவலம் வரும்போது, வீடுகளின் மாடிகளிலிருந்தும் வாசல்களிலிருந்தும் மாம்பழங்களை வாரி இறைப்பார்கள். கீழே நிற்கிற கூட்டம் முண்டியடித்துப் பிடிக்கும். அந்தப் பழத்தைத் தின்றால் பிள்ளையில்லாதவர்களுக்குப் பிள்ளை பிறக்கும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. நானும் இரண்டு முறை அந்தக் கூட்டத்தில் நின்றிருக்கிறேன். பழம் கிடைத்ததில்லை, ஒரு முறை தோளில் அடி கிடைத்தது.

திருவிழாவுக்குக் காரணமான கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். பரமதத்தன் என்ற வணிகன் இரண்டு மாங்கனிகளை வீட்டுக்கு அனுப்புகிறான். பசியோடு வந்த சிவனடியாருக்கு மனைவி புனிதவதி அவற்றில் ஒன்றைப் படைத்துவிடுகிறாள். மத்தியானம் சாப்பிட வந்த கணவன் ஒரு கனியைத் தின்றுவிட்டு, மற்றதையும் கொண்டு வா என்கிறான். உள்ளே போய் இறைவனை நினைக்கிறாள். கையில் ஒரு கனி வந்து சேருகிறது. ருசி வேறாக இருக்கவே, இது ஏது என்று அவன் கேட்கிறான்.

பக்தர்களுக்குக் கனி வந்ததுதான் அதிசயம். கதை எழுதிப் பிழைக்கிறவனாகிய எனக்கோ, அவன் கேட்ட கேள்விக்கும் அவள் சொன்ன பதிலுக்கும் நடுவே இருக்கிற கணம்தான் பெரிதாகப் படுகிறது. சேக்கிழார் அந்த இடத்தில் அவளைத் தயங்க வைக்கிறார். சொல்லலாமா, கூடாதா? கணவனிடம் மறைப்பது தகாது என்று முடிவு செய்து நடந்ததைச் சொல்கிறாள். பலன்? அவன் நடுங்கிப்போய்க் கப்பலேறிவிடுகிறான். பாண்டிய நாட்டில் வேறொரு பெண்ணை மணந்துகொண்டு குடித்தனம் நடத்துகிறான். உண்மையைச் சொன்னதனால் இல்வாழ்வை இழந்த பெண்ணுக்குக் கோயில் எடுத்துக் கும்பிடுகிற ஊர் அது.

அந்த ஊரில், ஒரு மருந்துக் கடை வாசலில், சென்ற மழைக்காலத்தில் ஒரு பெண் பொய் சொன்னதைக் கேட்டேன். அன்றிலிருந்து அந்தப் பொய் என்னை விடவில்லை.

இரத்த அழுத்தத்துக்கு நான் மாதாமாதம் வாங்குகிற மாத்திரைக்காகக் கடையில் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு முன்னால் மாமியாரும் மருமகளும். மருமகளுக்கு முப்பது வயதுக்குள்தான் இருக்கும். வலது கன்னம் கொழுக்கட்டையாய் வீங்கியிருந்தது, பல்லில் சீழ். டாக்டர் சீட்டில் வலி மாத்திரையும் அமாக்ஸிஸிலினும் எழுதியிருந்தார். கடையிலிருந்த இளைஞன் அண்மையில்தான் மருந்தாளுநர் படிப்பை முடித்தவன், பொறுப்பானவன். சில்லறையை மாத்திரம் பார்க்கிற ரகமல்ல.

"வேற ஏதாவது மாத்திரை தினமும் சாப்பிடுறீங்களாக்கா?" என்று கேட்டான்.

"அவளுக்கு ஒரு வியாதியும் கிடையாது தம்பி, பல்லுதான்" என்று மாமியார் முந்திக்கொண்டாள்.

மருமகள் அந்த அம்மாளின் முகத்தை ஒரு தரம் பார்த்தாள். "ஒண்ணும் சாப்பிடல" என்றாள்.

பணம் கொடுத்துவிட்டு இருவரும் ஆட்டோவை நோக்கிப் போனார்கள். கடைப் பலகையில் அவளுடைய குடை கிடந்தது. தூறலில் குடையை மறப்பவர்கள் இல்லை. வேண்டுமென்றே வைத்துவிட்டுப் போயிருக்கிறாள் என்று, அவள் தனியாகத் திரும்பி வந்தபோதுதான் எனக்கு உறைத்தது.

குடையைக் கையிலெடுத்தவாறே, "தம்பி, மாலா மாத்திரை சாப்பிடுறவங்க இதச் சாப்பிடலாமா?" என்றாள். பல்வலியில் வார்த்தை குழறியது. ஆனாலும் குரலைத் தாழ்த்திக்கொள்ள அவளுக்குத் தெரிந்திருந்தது.

"ஆன்டிபயாடிக் சாப்பிட்டா அது வேலை செய்யாதுக்கா. இது முடிஞ்சு ஒரு வாரம் வரைக்கும் வீட்டுக்காரர்கிட்ட சொல்லி வேற ஏற்பாடு பண்ணிக்கணும்."

"அவர்கிட்ட..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள். பிறகு பையிலிருந்து அமாக்ஸிஸிலின் அட்டையை எடுத்துப் பலகைமேல் வைத்தாள். "இது வேண்டாம் தம்பி. வலிக்குக் குடுத்தது மட்டும் இருக்கட்டும்." காசைத் திருப்பிக் கேட்கவும் இல்லை. ஆட்டோ போய்விட்டது.

அவன் அட்டையைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். அயலாள் ஒருவன் கேட்டுவிட்டான் என்று அவள் வெட்கப்படக்கூடாதே என்று, அவள் நின்ற நேரமெல்லாம் நான் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பொழுது அதை நாகரிகம் என்று நினைத்தேன்.

மாலா என்பது சர்க்கார் வழங்குகிற கருத்தடை மாத்திரை என்பதைப் பெரும்பாலோர் அறிவார்கள். 'மாலா என்' சுகாதார நிலையங்களில் இலவசமாகக் கிடைப்பது. 'மாலா டி' குறைந்த விலைக்குக் கடையில் விற்பது. அட்டைக்கு 28 மாத்திரைகள். 21இல் ஹார்மோன், மிச்சம் ஏழும் வெறும் இரும்புச்சத்து. இந்த அட்டை நம் வீடுகளில் எங்கெங்கே ஒளிந்திருக்கிறது என்று ஒரு கணக்கு எடுத்தால், அரிசிப் பானையும் பட்டுப் புடவை மடிப்பும் முதலிடத்துக்குப் போட்டி போடும் என்று நினைக்கிறேன்.

வீட்டுக்கு வந்தும் மனம் ஆறவில்லை. எனக்குத் தெரிந்த லேடி டாக்டர் ஒருவர் இருக்கிறார், ஓய்வு பெற்றவர். டெலிபோனில் நடந்ததைச் சொன்னேன். அந்த அம்மாள் சிறிது நேரம் பேசவே இல்லை. பிறகு, "பையன் சொன்னது தப்பு. அமாக்ஸிஸிலினுக்கும் அந்த மாத்திரைக்கும் ஒரு சண்டையும் கிடையாது. அந்தப் பெண் இரண்டையும் சாப்பிட்டிருக்கலாம்" என்றார்.

பையன்மீது பழி போடுவதற்கில்லை. நெடுநாள் மருத்துவ நூல்களே அப்படித்தான் சொல்லிவந்தன. கருத்தடை மாத்திரை 1960இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. சில ஆண்டுகளுக்குள் ரிஃபாம்பிசின் என்ற காசநோய் மருந்து வந்தது. அந்த மருந்துக்கு ஒரு பிரெஞ்சுப் பூர்வீகம் இருப்பது காரைக்கால்காரர்களுக்குச் சுவைக்கும். 1957இல் பிரான்சின் தென்கடற்கரைப் பைன் தோப்பு ஒன்றிலிருந்து எடுத்துச் சென்ற மண்ணில், இத்தாலியில் மிலான் நகரத்து ஆராய்ச்சிக்காரர்கள் ஒரு நுண்ணுயிரைக் கண்டார்கள். அது கொடுத்த பொருளுக்கு, அப்போது பேர்போன 'ரிஃபிஃபி' என்ற பிரெஞ்சுத் திருட்டுப் படத்தின் பெயரையே விளையாட்டாகச் சூட்டிவிட்டார்கள். பெயர் வைத்தவர்களுக்கு வாக்குப் பலித்தது என்றுதான் சொல்ல வேண்டும். மருந்து உண்மையிலேயே ஒரு திருட்டைச் செய்தது. ரிஃபாம்பிசினையும் கருத்தடை மாத்திரையையும் சேர்த்துச் சாப்பிட்ட 88 பெண்களில் 5 பேர் கருவுற்றார்கள் என்று 1973இல் ஜெர்மனியிலிருந்து செய்தி வந்தது.

காரணம் கல்லீரலில் இருக்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில் காரைக்காலைச் சுற்றி இந்திய எல்லையில் சுங்கச் சாவடிகள் இருந்தன அல்லவா? கல்லீரலும் ஒரு சாவடிதான். நாம் விழுங்குகிற மருந்துகளையெல்லாம் சோதித்து, உடைத்து, வெளியேற்றுகிறது. ரிஃபாம்பிசின் உள்ளே போனால் அந்தச் சாவடியில் சிப்பந்திகளின் தொகை பெருகிவிடுகிறது. மாத்திரையின் ஹார்மோன் வந்த வேகத்திலேயே பறிமுதலாகிவிடுகிறது. மருந்தை நிறுத்தினாலும் கூடுதல் சிப்பந்திகள் உடனே கலைவதில்லை. நாலு வாரம் வரை இருந்து பார்க்கிறார்கள்.

ரிஃபாம்பிசினும் அதன் பங்காளியான ரிஃபாபுட்டினும் செய்கிற வேலை இது. சில வலிப்பு மருந்துகளும் இதே குற்றத்தில் சேர்ந்தவை. ஆனால் 1970களில் ஒரு பயம் கிளம்பிவிட்டது. ஆம்பிஸிலின் சாப்பிட்டபோது கருவுற்றாள் ஒருத்தி, வேறொன்றைச் சாப்பிட்டபோது மற்றொருத்தி என்று தனித்தனிச் செய்திகள் வந்தன. அதற்கு ஏற்ற ஒரு விளக்கமும் கிடைத்தது: ஹார்மோனில் ஒரு பகுதி பித்தத்தோடு குடலுக்குப் போய், அங்கே கிருமிகளின் உதவியால் மறுபடி இரத்தத்தில் சேருகிறது, ஆன்டிபயாடிக் அந்தக் கிருமிகளைக் கொன்றுவிட்டால் அந்தப் பங்கு நஷ்டம். கேட்பதற்கு எவ்வளவு பொருத்தமாக இருக்கிறது பாருங்கள். ஆனால் இரண்டையும் சாப்பிட்ட பெண்களின் இரத்தத்தை எடுத்துச் சோதித்தபோது, ஹார்மோன் அப்படிக் குறையவில்லை. மாத்திரை சாப்பிடுகிற பெண்களில், மறதியாலும் வேறு காரணங்களாலும், ஆண்டுக்கு நூற்றுக்கு ஏழு பேர் அளவில் கருவுறத்தான் செய்கிறார்கள். அவர்களில் சிலர் அந்தச் சமயத்தில் ஆன்டிபயாடிக்கும் சாப்பிட்டிருப்பார்கள். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது. 2011இல் பிரிட்டனில் இதற்கென்று உள்ள மருத்துவர் சபை தன் பழைய எச்சரிக்கையைக் கைவிட்டது. உலக சுகாதார நிறுவனத்தின் விதிகளும் சாதாரண ஆன்டிபயாடிக்குகளுக்குத் தடை சொல்வதில்லை. மருந்து ஒத்துக்கொள்ளாமல் வாந்தியோ கடும் வயிற்றுப்போக்கோ கண்டால் அது வேறு சங்கதி; விழுங்கியது உடம்பில் தங்கினால்தானே வேலை செய்யும்.

"அப்படியானால் ஏன் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்?" என்று டாக்டர் அம்மாளைக் கேட்டேன்.

"ஒரு பத்திரத்துக்குத்தான்" என்றார்.

இந்த 'ஒரு பத்திரத்துக்கு' என்ற சொல்லை வைத்துக்கொண்டு இரண்டு நாள் யோசித்தேன். யாருடைய பத்திரத்துக்கு? எச்சரிக்கிறவனுக்கு அது ஒரு காசு செலவில்லாத வார்த்தை. நாளைக்கு ஏதாவது நேர்ந்தால், 'நான் அன்றைக்கே சொன்னேனே' என்று கையை உதறிக்கொள்ளலாம். கேட்டுக்கொள்கிறவளுக்கோ அதற்கு விலை உண்டு. கணவனிடம் பேச முடிந்தவளுக்கு விலை குறைவு. பேச முடியாதவள் சீழ்ப் பிடித்த பல்லோடு மருந்தைக் கடையில் வைத்துவிட்டுப் போகிறாள். பல்லில் பிடித்த சீழ் கழுத்துக்கு இறங்கி உயிருக்கே உலை வைத்ததும் உண்டு.

"கணவனிடம் மறைத்தது அவள் தவறுதானே?" என்று வாசகர்களில் சிலர் கேட்கலாம். வாய்மை அதிகாரத்தைப் புரட்டிக்கொண்டும் வரலாம். புரட்டட்டும். பிள்ளை இருவருக்கும் பொது. ஒருவர் அறியாமல் மற்றவர் தீர்மானிப்பது நல்ல தாம்பத்தியம் ஆகாது என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த வீட்டுக்குள் நான் போனதில்லை. சொன்னால் தலையசைக்கிற கணவனா, அம்மாவிடம் ஓடுகிற கணவனா, கை நீட்டுகிற கணவனா என்பதை அவள்தான் அறிவாள். புனிதவதியிடம் பரமதத்தன் கேட்டபோது நடுவில் மாமியார் நிற்கவில்லை. கடைப் பையனும், ரத்த அழுத்தக்காரன் ஒருவனும் நிற்கவில்லை. அப்படியிருந்தும் அவளுக்கே தயக்கம் வந்தது. நாலு பேர் நடுவில் ஒரு பெண்ணின் படுக்கையறையைப் பற்றிக் கேட்டுவிட்டு, அவள் பொய் சொன்னாள் என்று தீர்ப்புக் கூறினால் அது என்ன நியாயம்? உண்மையைக் கேட்கிறவன்தான் முதலில் அதற்கு ஓர் இடம் ஒதுக்கித் தரவேண்டும். திரை போட்ட ஒரு மூலை போதும். அதுவும் இல்லையென்றால் கேள்வியைச் சீட்டின் பின்புறத்தில் எழுதிக் காட்டலாம்.

சரித்திரத்தில் ஒரு வேடிக்கை உண்டு. 1920இல் பிரான்சில் ஒரு சட்டம் செய்தார்கள். கருத்தடையைப் பற்றிப் பிரசாரம் செய்வதே குற்றம். அது மாறியது 1967 டிசம்பரில். இந்தியாவோ 1952இலேயே குடும்பக் கட்டுப்பாட்டைச் சர்க்கார் திட்டமாக ஏற்றுக்கொண்டுவிட்டது. ஆக, 1954 நவம்பரில் காரைக்காலில் கொடி மாறியபோது, பாரிஸில் பேசக்கூடாத பேச்சைப் பேசச் சொல்லி ஊக்குகிற சர்க்காரின் கீழ் இந்த ஊர் வந்து சேர்ந்தது. எழுபது வருஷம் ஆகிவிட்டது. சர்க்கார் பேசச் சொன்னதை மாமியார் இன்னும் பேச விடவில்லை.

இத்தோடு நிறுத்தியிருப்பேன். ஆனால் டாக்டர் அம்மாள் ரிஃபாம்பிசினைப் பற்றிச் சொன்னபோது எனக்கு வேறொரு ஞாபகம் வந்துவிட்டது.

என் பெரியம்மாவின் மகள், எனக்கு அக்கா, காரைக்காலுக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறாள். இருபது வருஷங்களுக்கு முன்பு அவளுக்குக் காசநோய் கண்டது. உலகத்துக் காசநோயாளிகளில் ஏறக்குறைய நாலில் ஒருவர் இந்தியர் என்கிற நாட்டில் இது அதிசயமில்லை. அந்தக் காலத்து நாவல்களில் வருகிறமாதிரி அவளை மலைக் காற்றுக்கு அனுப்பவில்லை. அதற்குக் காரணமே நம் சென்னைதான். 1956இல் அங்கே தொடங்கிய காசநோய்ச் சிகிச்சை மையத்தில், நோயாளிகளில் ஒரு பாதியைச் சானடோரியத்திலும் மறு பாதியை அவரவர் வீட்டிலும் வைத்து ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். இரு சாராரும் ஏறக்குறைய ஒன்றுபோலவே குணமடைந்தார்கள் என்று 1959இல் முடிவு வெளிவந்தது. உலகமே அதைக் கண்டு சிகிச்சை முறையை மாற்றிக்கொண்டது. ஏழைகளுக்கு அது பெரிய விமோசனம். ஆனால் அதில் இன்னொன்றும் அடங்கியிருந்தது. சானடோரியம் கணவனையும் மனைவியையும் பிரித்துவைத்தது. வீட்டுச் சிகிச்சை பிரிக்கவில்லை.

அக்காவுக்கு அப்போது இரண்டு பெண் குழந்தைகள். அத்தானின் சம்மதத்தோடு, நர்ஸ் கொடுத்த மாத்திரையைத் தவறாமல் சாப்பிட்டு வந்தாள். இங்கே ஒளிவு மறைவு ஒன்றும் இல்லை. காசநோய் மருந்தை, அந்தக் காலத்து வழக்கப்படி, சுகாதார நிலையத்தில் ஒருவர் கண் முன்னால் விழுங்க வேண்டும். வாயைத் திறந்து காட்டச் சொல்வார்களாம். சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகும், பயப்படாதே என்றெல்லாம் அக்கறையோடு சொன்னார்கள். இரவில் அவள் விழுங்குகிற மற்ற மாத்திரையைப் பற்றி மட்டும் யாரும் கேட்கவில்லை. நாலாவது மாதம் அவள் கருவுற்றாள். எடை 36 கிலோ. கலைப்பதா வைத்துக்கொள்வதா என்று வீட்டில் நாலு நாள் பேச்சு. வைத்துக்கொண்டாள். பையன் நல்லபடியாகப் பிறந்தான். இப்போது கல்லூரியில் படிக்கிறான். என் கதைகளைப் படித்துவிட்டுக் குற்றம் கண்டுபிடிக்கிற ஒரே உறவினன் அவன்தான்.

பல்லில் சீழ் பிடித்தவளிடம் தேவையில்லாத எச்சரிக்கையைச் சொல்கிறோம். எச்சரித்தே தீரவேண்டிய ஒரு மருந்தை ஆறு மாதம் கையில் கொடுத்து விழுங்க வைத்துவிட்டு, வாய் திறப்பதில்லை. அவளிடம் அன்றைக்கு ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால், காப்பர்-டியோ ஊசியோ வேறொன்றோ அவள் ஏற்பாடு செய்துகொண்டிருப்பாள். அவற்றை ரிஃபாம்பிசின் கெடுப்பதில்லை.

ஆனால் அந்த வாக்கியத்தைச் சொல்லியிருந்தால் அந்தப் பையன் இல்லை. இதை எழுதும்போதே பேனா தயங்குகிறது. அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு, 'நீ பிறந்தது ஒரு தவறினால்' என்று யாரால் சொல்ல முடியும்? சொல்வது சரிதானா? முடிவு நல்லதாக அமைந்துவிட்டது என்பதால் சொல்லாமல் விட்டது சரியாகிவிடுமா? 36 கிலோ உடம்போடு அவள் பிழைத்தது அதிருஷ்டம். அதிருஷ்டத்தை யாரும் கடமையின் கணக்கில் வரவு வைக்க முடியாது. இருந்தாலும், இத்தனை வருஷம் கழித்து அவளிடம் போய் இதைச் சொல்வதால் என்ன லாபம் என்று ஒரு மாதம் சொல்லாமலே இருந்தேன். பிறகு போன மாதம் ஊருக்குப் போனபோது சொல்லிவிட்டேன். அவள் முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தாள்.

கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் கல்லைப் பொறுக்கிக்கொண்டே இருந்தாள். பிறகு, "அப்ப நான் மாத்திரைய மறக்கலையா தம்பி?" என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

"உங்க அத்தான் இன்னிக்கு வரைக்கும் சொல்லிக்கிட்டுதான் இருக்காரு, நீதான் ஒரு நாள் மறந்திருப்பேன்னு. நர்ஸம்மாவும் அதான் சொன்னாங்க. நானும் எந்த நாளு, எந்த நாளுன்னு யோசிச்சு யோசிச்சுப் பார்த்திருக்கேன்."

அன்று சாயங்காலம் அத்தான் வந்ததும், என்னை உட்காரவைத்து முழுவதையும் மறுபடி அவரிடம் சொல்லச் சொன்னாள். அவர் கேட்டுவிட்டு, "யாருக்குத் தெரியும் அதெல்லாம்" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனார். அக்கா சிரித்தாள். அப்படி அவள் சிரித்து நான் பார்த்ததில்லை.

திரும்பி வரும் வழியில் காரைக்காலில் இறங்கி, அந்த மருந்துக் கடைக்குப் போனேன். எனக்கு மாத்திரை தீர்ந்திருக்கவில்லை. கடையில் வேறு யாரும் இல்லாத நேரம் பார்த்து, டாக்டர் அம்மாள் சொன்னதை அந்த இளைஞனிடம் சொன்னேன். அவன் முகம் சுண்டிவிட்டது.

"அப்படியா சார்? பயந்து பயந்து எல்லார்கிட்டயும் இதையே சொல்லிட்டிருக்கேனே" என்றான். செல்போனை எடுத்து எதையோ தேடிப் படித்தான், நெடுநேரம் படித்தான். பிறகு ஒரு காலி அட்டைப் பெட்டியைக் கிழித்து, அதன் உட்பக்கத்தில், 'ரிஃபாம்பிசின் — கட்டாயம் கேட்கவும்' என்று எழுதி மேஜைக்கு உள்ளே, தன் கண்ணுக்கு மட்டும் தெரியும்படி ஒட்டினான்.

"அந்த அக்கா மறுபடி வந்தாங்களா?" என்று கேட்டேன்.

"ரெண்டு தடவ வந்தாங்க சார். கன்னம் வடிஞ்சிருந்தது, பல்லப் பிடுங்கிட்டாங்களாம். அடுத்த தடவ வந்தா சொல்லிடறேன்." சொல்லிவிட்டு நிறுத்தினான். "ஆனா மாமியாரோடதானே சார் வர்றாங்க. எப்படிச் சொல்றது?"

குடை மறுபடி மறந்துபோனால்தான் உண்டு என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் வேறு ஆள் வந்துவிட்டார்.